ஏற்றி இறக்கிய வீடு

பஸ்மினா வீட்டுச் சாமான் ஏற்றக் கொழும்பிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், அவர்களுக்குச் சாய்ந்தமருதில் ஒருவரையும் தெரியாது என்பதுதான். பக்கத்திலேயே இருக்கிற கல்முனையில் லொறிக்கு என்ன குறைச்சல்? ஆனால் லொறிக்காரர்களில் ஒருவன் அவள் புருஷன் மிஹ்லாரோடு படித்தவனாக இருப்பான், இன்னொருவன் வாப்பாவோடு பள்ளிவாசலில் ஒரே சஃப் வரிசையில் நின்று தொழுகிறவனாக இருப்பான். ஒரு கட்டிலைத் தூக்க முன்னமே கதை சந்தை வரைக்கும் போய்விடும்.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஒத்துவரவில்லை என்றால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவேண்டியவனும் அவன்தான். பஸ்மினாவின் வீடும் அவளுடைய பெயரில்தான் இருந்தது. வாப்பா முகம்மது தம்பி சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. ஆனால் மிஹ்லார் போகவில்லை.

"மேல்மாடி நான் கட்டினது. என்னப் போகச் சொல்ல நீ ஆரு?" என்று கேட்டான். அன்றைக்கு அவளுடைய தோள்மூட்டு விலகியது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பள்ளிவாசல் பெரியவர்கள் வந்தார்கள், கதிரையில் இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அவள் முடிவெடுத்தாள். அவன் போகமாட்டான் என்றால் தான் போய்விடுவது. தன் வீட்டை விட்டுத் தானே.

அவள் விஞ்ஞான ரீச்சர். மாவனல்லையில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் எடுத்தாள். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே சின்ன வாடகை வீடு ஒன்றைப் பார்த்து வைத்தாள். இவ்வளவும் மிஹ்லாருக்குத் தெரியாது. மிஹ்லார் இறக்காமத்தில் இருக்கும் தன் வயலுக்கு அறுவடை வெட்டுக்குப் போகும் நாளாகப் பார்த்து லொறியை வரச் சொன்னாள். வெட்டு நாளில் அவன் சுபஹு தொழுகை முடிந்ததும் விடியவே போனால் பொழுதுபட மஃரிபுக்குத்தான் வீடு திரும்புவான். மகள் ஹிக்மாவை எப்போதும் போலப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். லொறி புறப்படப் போகும் நேரம் போய்க் கூட்டிவரலாம் என்பது அவளுடைய எண்ணம்.

லொறி வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற குறுகலான ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. மதில் மூலையில் முட்டிக்கொண்டு இரண்டு தடவை முன்னும் பின்னும் போய், கடைசியில் ஒழுங்கை வாசலிலேயே நின்றது. அந்த உறுமல் சத்தத்துக்கு எல்லா வீட்டுக் கேற்றிலும் ஒரு முகம் முளைத்தது.

ஆட்களுக்குப் பொறுப்பாக வந்தவன் ஹிஷாம். கொழும்பு தெமட்டகொடைக்காரன், நாற்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கையடக்கத் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு சாமானையும் படம் பிடித்தான்.

"முன்னமே உடஞ்சது இருந்தா நாங்க காட்டி வைக்கணும் ரீச்சர். இல்லாட்டி நாங்க உடச்சதெண்டு ஆகிடும்" என்றான்.

அலுமாரிக் கதவின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. படம் எடுத்தான். "இது?"

"பழசு."

சாப்பாட்டு மேசையின் ஒரு கால் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. "இது?"

"இழுக்கேக்க உடைஞ்சது."

படுக்கையறைக் கதவின் நடுவில் பலகை உள்ளே அமுங்கி ஒரு குழி இருந்தது. ஒரு கைமுட்டி அளவு. கதவு ஏற்றுகிற சாமான் இல்லை. இருந்தாலும் ஹிஷாம் அதன் முன்னால் கொஞ்சம் நின்றான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. அவன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"கெதியா முடிப்பம்" என்றான், அவள் கேட்காமலேயே.

முடிக்கத் தெரிந்த ஆட்கள்தான். தட்டையாகக் கிடந்த அட்டைகள் அவர்கள் கை பட்டதும் பெட்டிகளாக எழும்பின. பீங்கான்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, இடையிடையே பத்திரிகைத் தாளைச் செருகினார்கள். அலுமாரியைக் கழற்றி, அதன் ஆணிகளை ஒரு பையில் போட்டு அதே பலகையில் ஒட்டினார்கள். பெட்டி ஒட்டுகிற ரேப் கிழிகிற சத்தம் ஓயவில்லை. பஸ்மினா குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கினாள். மிஞ்சிய மீன்குழம்பை வளவில் பூனைக்கு ஊற்றினாள்.

உம்மா சுல்பிகா பக்கத்து வீட்டிலிருந்து இடைக்கதவால் ஓடி வந்தாள். அந்த வீடு தங்கச்சி றிபாவுக்காகக் கட்டியது. பூச்சு வேலை இன்னும் முடியவில்லை.

"என்ன புள்ள இது? எங்க போறாய்?"

"இடமாற்றம் வந்திரிக்கி உம்மா. மாவனல்லைக்கு."

"மருமகனுக்குத் தெரியுமா?"

பஸ்மினா குளிர்சாதனப் பெட்டியின் தட்டைத் துடைக்கக் குனிந்தாள். உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

வாப்பா வர நேரமெடுத்தது. முகம்மது தம்பி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒருநாளும் பிள்ளைகளைச் சத்தம் போட்டு ஏசாத மனிதர். அவர் வந்து சுற்றிப் பார்த்தார். இருக்கக் கதிரை இல்லை. எல்லாம் கட்டியாகிவிட்டது. சுருட்டி வைத்த மெத்தையில் அமர்ந்தார்.

"இஞ்ச வந்து இரி மகள்."

"நேரமில்ல வாப்பா."

"இரி எண்டன். வாப்பாவோட கொஞ்சம் கதைக்க உனக்கு நேரமில்லயா?"

அவள் பக்கத்தில் இருந்தாள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கல்யாணம் முடித்த பிறகு அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"எனக்கு எல்லாம் தெரியும் மகள். நான் காணாம இல்ல" என்றார். "றிபாட கலியாணம் முடியட்டும். மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு இது தெரிஞ்சா, மூத்தவள் புருசன விட்டுட்டு ஓடிட்டாளாம் எண்டு கதை வந்தா, அவங்க நிப்பாங்களா? நீயே சொல்லு."

"போன பெருநாளைக்கும் இதத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தி மாடி வேலை முடியட்டும் எண்டீங்க."

"ஓம். சொன்னன்."

"அதுவரைக்கும் நான் உசிரோட இரிக்கோணுமே வாப்பா."

அவர் பழைய கதைகளை எடுத்தார். அவள் ஆசிரியர் கலாசாலைக்குப் போன முதல் நாள், கடல் ஊருக்குள் வந்த வருஷம் சின்னப் பிள்ளையாக இருந்த அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய கதை. தேத்தண்ணி ஒன்று கேட்டார். கேத்தல் பெட்டிக்குள் போய்விட்டது என்றாள். பரவாயில்லை என்றார். தண்ணி கேட்டார். கொண்டுவந்து கொடுத்தாள். மெதுவாகக் குடித்தார். பஸ்மினாவுக்கு நெஞ்சு இளகியது. இந்த மனிதன் என்னை வழியனுப்பத்தான் வந்திருக்கிறார், வாயால் சொல்லத்தான் கூச்சப்படுகிறார் என்று நினைத்தாள். அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

ஹிஷாம் வந்து, முக்கால்வாசி ஏறிவிட்டது, குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும்தான் மிச்சம் என்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"நீங்க ஏத்துங்க. நான் போய்ப் புள்ளயக் கூட்டிட்டு வாறன்."

வாப்பா அவளுடைய கையை விடவில்லை. "பெறகு போகலாமே" என்றார். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டு ஓட்டோ பிடித்துப் போனாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஹிக்மாவின் வகுப்பு ரீச்சர் ஆச்சரியப்பட்டாள். "ஹிக்மாட வாப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. கொஞ்சம் முந்தித்தான். வீட்டில அவசரமெண்டார்."

பஸ்மினா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் முந்தி. அப்போது அவள் மெத்தையில் இருந்து வாப்பாவின் தோளில் அழுதுகொண்டிருந்தாள். இறக்காமத்திலிருந்து வருவதென்றால் எவ்வளவு தூரம். வாப்பா அவளிடம் வர முன்னமே தொலைபேசி எடுத்திருக்கிறார். பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது, பழைய கதை சொன்னது, தண்ணி கேட்டு மெதுவாகக் குடித்தது எல்லாம் மிஹ்லார் வந்து சேர்வதற்கான நேரம். ஓட்டோக்காரன் "ஏறுங்க ரீச்சர்" என்று இரண்டு தரம் சொல்லவேண்டி இருந்தது.

வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. மிஹ்லாரின் காலில் வயல் சேறு காயவில்லை. படியில் இருந்தான். ஹிக்மா அவன் மடியில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் சத்தம் போடவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. ஆட்களுக்குக் கடையிலிருந்து பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"வா" என்றான் அவளைப் பார்த்து. பிறகு ஹிஷாமிடம் திரும்பி, முன்னமே தொடங்கிய பேச்சைத் தொடர்வது போல, "நான் சொன்னன்தானே. இவக்குக் கொஞ்சம் சுகமில்ல. மருந்து எடுக்கிறவ. இப்பிடித்தான், திடீரெண்டு எங்கயாவது வெளிக்கிடுவா. உங்களில பிழை இல்ல. சாமான இறக்கி வைங்க" என்றான்.

"பொய்" என்றாள் பஸ்மினா. "எனக்கு ஒரு நோயும் இல்ல. வீடு என்ட. சாமான் என்ட. உங்களக் கூப்பிட்டது நான்."

ஹிஷாம் இருவரையும் பார்த்தான். பிறகு ஓரமாக நின்ற முகம்மது தம்பியிடம் போனான். "நீங்க வாப்பாதானே? நீங்க சொல்லுங்க. இவங்களுக்குச் சுகமில்லயா?"

ஒழுங்கைப் பெண்கள் கேற்றடியில் நின்றார்கள். இடைக்கதவில் றிபா வந்து நின்றாள், கையில் மாவோடு.

"வாப்பா" என்றாள் பஸ்மினா. "என்னப் பாத்துச் சொல்லுங்க."

முகம்மது தம்பி தரையைப் பார்த்தார்.

"ஓம் தம்பி" என்றார். "அவக்குக் கொஞ்ச நாளா மனம் சரியில்ல."

ஹிஷாம் லொறியடிக்குப் போய்த் தன் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தான். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுப் பிரச்சினைக்குள்ள போக எங்களுக்கு ஏலா ரீச்சர். இறக்கிட்டு வரச் சொல்றாங்க."

"நீங்க படம் எடுத்தீங்க. கதவப் பாத்தீங்க."

"பாத்தன்" என்றான் அவன். அவ்வளவுதான். ஆட்களைக் கைகாட்டி அழைத்தான்.

மிஹ்லார் எழும்பி அவள் பக்கத்தில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "நீ போகோணுமெண்டா போ. நான் மறிக்கல்ல. புள்ள இஞ்ச நிக்கும்."

ஹிக்மா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பஸ்மினா குந்தினாள். அவளைத் தாண்டித் தாண்டிப் பெட்டிகள் உள்ளே போயின.

லொறி போன பிறகு மிஹ்லார் குளித்து, உடுப்பு மாற்றி, மாமா முகம்மது தம்பிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வந்தான். அடிக்கவில்லை. பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னான். "எல்லாம் இருந்த இடத்தில இரிக்கோணும்" என்றான். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் பக்கத்தில் நின்று இடம் சொன்னான். கடிகாரம் இந்த ஆணியில். சீனிப் போத்தல் மேல் தட்டில், வலது பக்கம். பூச்சாடி ஜன்னலோரம், இன்னும் கொஞ்சம் இங்கே. அவளுக்கே மறந்துபோன இடங்கள் அவனுக்கு ஞாபகம் இருந்தன. இவன் இவ்வளவு காலமும் இந்த வீட்டை எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்று நினைத்தபோது, அடித்திருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. அடி பிறகு வந்தது, ஊர் வேறு கதைக்குப் போன பிறகு.

மாவனல்லை இடத்துக்கு வேறு ரீச்சர் போய்விட்டாள். இப்போது மிஹ்லாரே அவளைப் பாடசாலையில் இறக்கி, அவனே வந்து ஏற்றிக்கொள்கிறான். வாசலில் மற்ற ரீச்சர்மாரிடம் சிரித்துச் சுகம் விசாரிக்கிறான். அவர்கள் பஸ்மினாவிடம் இப்போது மெதுவாக, நோயாளியிடம் கதைப்பது போலக் கதைக்கிறார்கள். அவள் வகுப்பில் சத்தமாக எதையாவது சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

றிபாவின் கல்யாணம் தடங்கலில்லாமல் வந்தது. மருதாணி போடுகிற நாள் பின்னேரம், உள்ளறையில் பஸ்மினாதான் தங்கச்சிக்கு மருதாணி போட்டாள். வெளியே மிஹ்லார் மாமாவோடு சேர்ந்து வளவில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். இருவரும் நன்றாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

றிபா ஒரு கையை நீட்டியபடி தலை குனிந்து இருந்தாள். உம்மா எழும்பிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ராத்தா."

"ம்."

"எனக்கும் அப்பிடி நடந்தா, வாப்பா அதத்தான் சொல்லுவாரா?"

பஸ்மினா மருதாணிக் கூம்பை அவளுடைய உள்ளங்கையிலிருந்து எடுத்தாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நாளைக்கு மாப்பிள்ளை வருகிற பெண்ணிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

"ஓம்" என்றாள். "அதத்தான் சொல்லுவார்."

றிபா அழவில்லை. "அண்டைக்கு நான் கதவடியில நிண்டன்" என்றாள். "வாய் திறக்கல்ல. எனக்கு இந்தக் கலியாணம் வேணுமெண்டு இரிந்திச்சு ராத்தா."

"தெரியும்."

"நான் ஆருட்டப் போறது?"

"என்னட்ட வா" என்றாள் பஸ்மினா. சொன்னாளே தவிர, அப்போது தான் எங்கே இருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "கையக் கொண்டா. காய முந்தி மத்தக் கைக்கும் போடோணும்."

றிபா மற்றக் கையை நீட்டினாள். வெளியே யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்தார்கள். பஸ்மினா குனிந்து, விரல் நுனியிலிருந்து தொடங்கினாள்.