உப்பில்லாத உப்பு

லிங்கராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும்போதெல்லாம் ஒரே பழமொழியைத்தான் சொன்னான்: "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே."

செல்லக்கனி தட்டை மறுபடி அவன் முன்னால் நகர்த்தி வைப்பாள். புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு டயாலிசிஸ் நடக்கிறது. உப்பு கூடினால் தாகம் கூடும், குடித்த தண்ணீர் உடம்பிலேயே தேங்கும், அதைத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. அதனால் உப்பு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முத்தையாபுரத்தில் அவளுக்குக் கல்நெஞ்சக்காரி என்று பேர் வந்தது. வரட்டும்.

கொழுந்தன் மகாராஜன் உப்பு வியாபாரி. ஒருநாள் பளபளப்பான பாக்கெட்டோடு வந்தான்.

"சோடியம் கம்மி மதினி. உப்பில்லாத உப்புன்னு வச்சுக்கிடுங்க."

"டாக்டர்ட்ட கேட்டீயளா கொழுந்தனாரே?"

"உப்பப் பத்தித் தூத்துக்குடிக்காரனுக்கு டாக்டர் சொல்லித் தரணுமாக்கும்!"

லிங்கராஜ் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் பாக்கெட்டைப் பிரித்தாள்.

அதன்பிறகு மீன் குழம்பை வழித்து வழித்துத் தின்றான். ஒருநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கப் போனவன் அப்படியே சரிந்தான்.

"ஏளா, காலு கேக்க மாட்டேங்கு. நெஞ்சு விட்டு விட்டு அடிக்கி."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஒருதரம் அடித்தது, யோசித்தது, பிறகு இன்னொருதரம் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பானுப்ரியா ஈசிஜியைப் பார்த்ததுமே ஊசியைப் போடச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "என்ன குடுத்தீங்க?"

சொன்னாள்.

"சோடியத்தக் குறைச்சிட்டு அதுல பொட்டாசியத்தப் போட்டிருக்காங்கம்மா. நல்ல கிட்னின்னா மூத்திரத்துல தள்ளிரும். இவருக்கு வெளிய போக வழியில்ல. ரத்தத்துல ஏறி இதயத்தையே நிப்பாட்டிரும். இளநீர் குடிக்கக் கூடாதுன்னு சொன்னதும் இதுக்குத்தான். யாரும் விளக்கிச் சொல்லலையா?"

சொல்லவில்லை. இளநீர் ஆகாது என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. உப்பைக் குறை என்றார்கள். உப்பிலும் சாதி உண்டென்று ஒரு நாயும் சொல்லவில்லை. பூட்டி வைத்த கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறாள்.

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மகாராஜன் வந்து நின்றான். கையில் இளநீர்க் குலை.

"அண்ணனுக்குச் சூடு தணியட்டும் மதினி."

"ஏலே, அண்ணன் செத்தா தூக்குறதுக்கு ஆளும் கூட்டிட்டு வந்திருக்கியா?"

கொழுந்தனை அவள் ஏலே என்றது அதுதான் முதல்தடவை. வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லதுக்குத்தான மதினி..."

"உன் நல்லதத்தான் அந்த மெஷினு கழுவிக்கிட்டுக் கெடக்கு. எடுத்துட்டுப் போ."

போனான். அவள் உள்ளே வந்தாள். திரையில் துடிப்பு ஒழுங்காக ஓடியது. லிங்கராஜ் கண்ணைத் திறந்தான்.

"பசிக்கி."

"கஞ்சிதான். உப்பு கெடையாது. தட்டத் தள்ளுனா மூஞ்சியிலயே ஊத்துவேன்."

அவன் பழமொழி எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்து காட்டினான்.