மூடி மறந்த பிளக்

என் பழைய ஹெட்ஃபோனில் இடது பக்கம் கேட்கவில்லை. "முப்பது வருஷப் பழசு, தூக்கிப் போடு" என்றார் கணவர். எது பழுதானாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். நான் காதில் வாங்கவில்லை.

பிளக்குக்கு அருகே ஒயரை வளைத்ததும் கரகரவென்று உயிர் வந்தது. கோளாறு அங்கேதான். அந்த இடத்தை வெட்டிவிட்டு, ஒயரைச் சீவிப் புதுப் பிளக்கில் பற்றவைத்தேன். நிமிர்ந்தால், பிளக்கின் மூடி மேஜைமேல் கிடக்கிறது. அதை முதலிலேயே ஒயரில் கோத்திருக்க வேண்டும்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. இப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

பற்றவைத்ததைப் பிரித்தேன். மூடியைக் கோத்து, மறுபடி பற்றவைத்துத் திருகினேன். ரேடியோவில் செருகியதும் இரண்டு காதிலும் பாட்டு.

கணவரின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன்.