காளியப்பன் பிடித்த விரதம்

அது 1936, புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், காளியப்பன் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் தேங்காய் பழத்தோடு குறி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த காளியப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கையில் மாடு மிதித்து அவருடைய முழங்கால் மடங்காமல் போய் மூன்று மாதம் ஆகிறது. அன்று முதல் நாளுக்கு ஒரு வாய்க் கூழோடு சரி, களியைத் தொடுவதில்லை. தண்ணீர்கூட ஒரு வாய்தான். கேட்டவர்களிடம் விரதம் என்று சொல்லி வைத்தார். ஊர் நம்பியதோடு நிற்கவில்லை. பட்டினி கிடப்பவர் வாக்குப் பலிக்கும் என்று கிளம்பியும் விட்டது. நம் ஊரில் ஒருவன் சோற்றைத் தள்ளினால் கும்பிட ஆள் வரும், ஏன் என்று கேட்கத்தான் யாரும் வரமாட்டார்கள்.

அவர் மனைவி ஆராயிக்குப் பொறுமை போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்:

"ஏனுங்க, எலும்புந் தோலுமா ஆயிட்டீங்க. சாகறதுக்கா விரதம்? நெசத்தைச் சொல்லுங்க."

காளியப்பன் தலை குனிந்தார். "விரதமுமில்ல ஒண்ணுமில்ல புள்ள. தின்னா காட்டுப்பக்கம் போகோணும். காலு மடங்க மாட்டீங்குது, குத்தவெச்சு உக்கார முடியல. அன்னைக்குக் கள்ளிவேலி ஓரத்துல உருண்டே போயிட்டேன். தொணைக்கு ஆளைக் கூப்பிட வெக்கமா இருக்குது. அதான் வாயக் கட்டிட்டேன்."

"அட, இதுக்கா மூணு மாசம்!" என்று ஆராயி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

குறி கேட்க வந்த அருணகிரி ஆசாரி, தேங்காயைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்துவரப் போனார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி, அதன்மேல் நடுவில் வட்டமாக வெட்டிய உயரமான பலகை, பிடித்து எழ இருபுறமும் இரண்டு கம்பம், சுற்றிலும் ஓலைத்தட்டி, உள்ளே குழியில் தூவ ஒரு சட்டி நிறையச் சாம்பல் எல்லாம் தயார். படி வைக்காமல் பாதையை மண் போட்டுச் சமன் செய்தார்கள்.

மறுநாள் காலை உள்ளே போய் வெளியே வந்த காளியப்பனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கல்யாண மாப்பிள்ளை தோற்றான். இரண்டு உருண்டை களியும் கீரைக் கடைசலும் இறங்கின.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் சின்னுசாமி வந்தார். "நேத்து வர முடியாமப் போச்சு. புதுக்கெணத்துல தண்ணி வருமான்னு பாத்துச் சொல்லுங்க."

"அது தெரியாதுங்க. உங்காத்தா ஒருபொழுதுதான் உங்கறாங்கன்னு பெருமையாச் சொன்னீங்களே, அவங்களுக்கு முட்டி எப்படியிருக்குது?"

"எந்திரிக்கவே மாட்டாம..." என்று சின்னுசாமி தொடங்கினார்.

"நடக்க மாட்டாதவங்க சோறு வேண்டாம்னா, பக்தின்னு விட்டுராதீங்க. வெளிக்குப் போக வசதியா எடமிருக்குதான்னு கேளுங்க."

சின்னுசாமிக்குக் கண் கலங்கியது. "ஊரெல்லாம் எங்காத்தா பக்தியப் பேசினேன். பெத்தவ மானத்தோட உக்கார ஒரு எடம் செஞ்சு குடுக்காம, பட்டினி போட்டது நானுங்க" என்றார்.