வெஞ்சனப் பாட்டு

பாட்டு முடிவதற்கு முன்னாலேயே அம்மா இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கி என் மடியில் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வெளிய விடப்போறேன்னியே, அத நிறுத்திரு."

நான் என்ன எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அம்மா கண் கலங்குவாள், என்னைக் கட்டிக்கொள்வாள், எனக்காகவா பாடினாய் என்று கேட்பாள் என்றெல்லாம் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒரு மண்ணும் இல்லை. அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பேண்டுக்குப் பெயர் கூப்பாடு. மூன்று பெண்கள். கிதார் வாசிக்கிற யுவராணிக்குத் தாடிக்கொம்பு. அவள் மாமா நட்டப்பட்டு மூடிய கோழிப்பண்ணையில்தான் எங்கள் பயிற்சி. எத்தனை முறை கழுவிவிட்டாலும் அந்த வாடை போகவில்லை. வீட்டுக்கு வந்தால் தலையில் இறகு இருக்கும். டிரம்ஸ் முனீஸ்வரி, சின்னாளப்பட்டிக்காரி. பகலெல்லாம் செல்போன் கடையில் நின்று 'சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்' என்று பல்லைக் காட்டிவிட்டு வந்து, சாயங்காலம் அவள் அடிக்கிற அடியைப் பார்த்தால் அந்தச் சார் மேடமெல்லாம் ஊரைவிட்டு ஓடிவிடுவார்கள். பேஸ் கிதாரும் குரலும் நான், ஐரின். குரல் என்றால் கத்தல்தான். பங்க் ராக்குக்கு அதுதான் லட்சணம். பக்திப் பாட்டும் தேர்தல் விளம்பரமும் பதிவு செய்கிற ஒரு ஸ்டுடியோவில் எங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்தோம். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர். "ஏம்மா, இந்த எடத்துல மட்டும் செத்த நேரம் ராகமா வந்தீங்கன்னா நல்லா இருக்கும்ல?" என்று கெஞ்சிப் பார்த்தார். ராகம் வந்தால்தானே.

பாட்டின் பெயர் 'வெஞ்சனம்', சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கறி. மொத்தமே இரண்டு நிமிடம்.

*வெஞ்சனத்துல உப்பு இல்ல,*
*வட்டில் பறக்குது வாசலுக்கு.*
*பொறுக்கு பொறுக்கு பருக்கைய,*
*பொழுது கிடக்கு, பொறுமையாப் பொறுக்கு.*

இதில் ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. அப்பா சூசைமாணிக்கம் உதவிபெறும் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு வாத்தியார், சர்ச்சின் பங்குப் பேரவை உறுப்பினர், ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுகிறவர். வீட்டுக்குள் வந்தால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். உப்பு இல்லை, சோறு குழைந்துவிட்டது, ரசம் ஆறிவிட்டது, ஏதாவது ஒன்று. எறிந்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு, அரை மணி நேரத்தில் காபி கேட்பார். கை நீட்டியது கிடையாது. அதை அவரே பெருமையாகச் சொல்வார். "இன்னைக்கு வரைக்கும் ஒங்கம்மா மேல என் நகம் பட்டிருக்குமா, கேட்டுப்பாரு." பட்டதில்லைதான். அம்மா குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குவாள். துடைப்பத்தை எடுக்கமாட்டாள், சோற்றைக் கூட்டக் கூடாதாம். அவள் பொறுக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் தொண்டை இப்படிக் கத்தப் பழகியது.

"ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாரு," என்றாள் அம்மா, முருங்கைக்காயைப் பார்த்தபடியே. "நீ நாளைக்குக் கல்யாணமாகி எங்கிட்டாவது போயிருவ. நாந்தான இங்கன கெடக்கணும்."

அதற்கு மேல் என்னத்தைப் பேச? சரி, நிறுத்திவிடுகிறேன் என்றேன். யுவராணிக்குப் போன் போட்டேன். "அது எங்க பாட்டுந்தானடி," என்றாள். பிறகு, "சரி, அம்மாவுக்காக," என்று வைத்துவிட்டாள். முனீஸ்வரி அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் நிறுத்த முடிந்தால்தானே. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்பாவின் போன் நம்பர்தான். கேஸ், கரண்டு, ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார், உதவித்தொகைக்காகப் பள்ளியில் படிக்கும்போது திறந்த என் வங்கிக் கணக்கு, எல்லாம். பாட்டை ஏற்றுகிற இணையதளம் வங்கிக் கணக்கில் இருக்கிற நம்பரையே கேட்டது, கொடுத்தேன். அன்றைக்கு வந்த ஓடிபியை, வாத்தியார் வேலைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று பொய் சொல்லி அவரிடமே கேட்டு வாங்கினேன். அவரும் டிரில் எண்ணுகிற குரலில் கணீரென்று வாசித்தார். இப்போது பாட்டை நிறுத்த மறுபடி உள்ளே போக வேண்டும், உள்ளே போக மறுபடி ஓடிபி வேண்டும். நம்பரை மாற்றலாம், அதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும். உதவி மையத்துக்கு எழுதினேன். ஒரு வாரத்துக்குள் பதில் வருமாம். ஒரு வாரத்தில் யாருக்கு என்ன ஆகியிருக்குமோ.

புதன்கிழமை துணிந்து 'ஓடிபி அனுப்பு' பொத்தானை அமுக்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து உடனே அப்பா கூப்பிட்டார்.

"ஐரினு, ஏதோ ஓடிபி வந்திருக்கு."

"நாந்தான்ப்பா. பரீட்சைக்கு. சொல்லுங்க."

"சொல்லக்கூடாது."

"நாந்தான்ப்பா கேக்குறேன்."

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நேத்துத்தான் போலீஸ்காரங்க வந்து பிள்ளைகளுக்குப் பேசிட்டுப் போனாங்க. நாந்தான் நன்றியுரை. நானே சொன்னா எப்படி? சாயங்காலம் வாரேன், பக்கத்துல ஒக்காந்து நானே போட்டுத் தாரேன்."

சொன்னபடி சாயங்காலம் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, திற." திறந்தால் கூப்பாடு என்று கொட்டை எழுத்தில் வந்து நிற்கும். சர்வர் வேலை செய்யவில்லை என்று புளுகினேன். "இவனுங்க எப்பவும் இப்படித்தான்," என்று அரசாங்கத்தைத் திட்டிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது அம்மா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். சுடுபாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி முந்தானையால் பிடித்திருந்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். போன் கிர்ரென்றது. 'புதிய செய்தி ஒன்று' என்று மட்டும் காட்டியது. திறக்க அப்பாவின் கட்டைவிரல் வேண்டும். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றதும் அம்மா ஓடிப்போய் போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். "தூங்குறப்ப வெரலப் புடிச்சு வச்சிரவா?" என்று அப்புறம் கேட்டாள். அவளால் முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாட்டு வந்துவிட்டது. முதல் பாட்டை ஒருத்தரும் கேட்டுவிடக் கூடாது என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய பாடகி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தோணியாரும் முடிந்த மட்டும் உதவினார். அன்றும் மறுநாளும் கேட்டவர்கள் முனீஸ்வரியின் கடைப் பையன்களும் யுவராணியின் சித்தி மகள்களும்தான். அம்மா என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவும் நானும் முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவைக் கோவில் வாசலில் பாடகர் குழு ஆரோக்கியதாஸ், கையில் போனோடு, பிடித்துக்கொண்டார். செத்த நேரம் கழித்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வண்டி நிற்பதற்கு முன்பே அவர் சட்டைப் பையிலிருந்து என் குரல் கேட்டது. அம்மா கரண்டியோடு அடுப்படி நிலையில் வந்து நின்றாள்.

"இது நீதான?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வந்தது. அப்பா சிரித்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "பொறுமையாப் பொறுக்காம்ல," என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவன்டி அவன்?"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

"எங்கிட்டயே மறைக்கிற பாத்தியா. பின்வீட்டுக் காத்தமுத்துதான? அவன் பொண்டாட்டி ஒங்கம்மாகிட்ட வந்து அழுதிருப்பா. எனக்குத் தெரியும், அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நல்லா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்க. சோத்தத் தூக்கி எறியிறவன்லாம் ஒரு மனுசனா?"

அவர் நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது. கோவில் நாடகத்தில் அவருக்கு எப்போதும் ரோமைச் சிப்பாய் வேஷம்தான் கொடுப்பார்கள், வசனமே இல்லாமல். அவர் முகத்தில் இருந்தது சுத்தமான சந்தோஷம். மகளைப் பற்றிய பெருமை. 'நீங்கதான்ப்பா.' ஒரே ஒரு வார்த்தை. கோழிப்பண்ணைத் தகரம் அதிரக் கத்தியவளுக்கு, ஸ்டுடியோவில் மைக் கிழியக் கத்தியவளுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. அம்மா அடுப்படி நிலையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் ஆட்டியிருக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். பயம்தான், வேறென்ன.

மத்தியானத்துக்குள் பங்குக் குழு, ஆசிரியர் குழு, சொந்தக்காரர்கள் குழு எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டார். 'என் மகள் ஐரின் பாடியது. பெண்களுக்கான விழிப்புணர்வுப் பாடல். அனைவரும் கேட்டுப் பயன்பெறவும்.' யுவராணி போனில் கத்தினாள். "ஏய், கேட்டவங்க கணக்கு ஏறிக்கிட்டே இருக்குடி. என்னடி பண்ணின?" எங்கள் அப்பா பண்ணினார் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

அடுப்படியில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியலையாடி?"

"தெரியலம்மா."

"நெசமாவே தெரியலையா?"

"தெரியல."

கஞ்சி சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் விடவில்லை.

"அப்ப அது எதுவுமே அவரு மனசுல இல்லையா?" என்றாள். "நான் குனிஞ்சு பொறுக்குனது, ஒருநா கூட?"



சாயங்காலம் ஆரோக்கியதாஸ் பெண்சாதியோடு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்தார்கள். அப்பா போனைப் புது ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டைப் போட்டார். கூடம் முழுக்க என் கூப்பாடு. தட்டு வரி வரும்போது அப்பா கையை வீசிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். "ஆண்டிறுதி விழாவுல நம்ம பொண்ணப் பாட வச்சிருவோம் சார்," என்றார் ஒரு வாத்தியார்.

அம்மா டீ கொடுத்து முடித்தாள். வழக்கமாக ஆள்கள் இருக்கும்போது கூடத்தில் நிற்கக்கூடமாட்டாள். அன்றைக்குத் தட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அப்பாவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க," என்றாள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, இவளுக்கே பிடிச்சிருச்சு."

பாட்டு ஓடியது. எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். கண்ணிமைக்காமல், அவர் நெற்றியையும் கண்ணையும் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா தாளம் போட்டார். பாட்டு முடிந்தது.

"இன்னொருக்கா," என்றாள் அம்மா.