ஃப்ரீஸருக்கு வைத்த பொட்டு

என்னை மாதிரி ஒரு மண்டு பெங்களூர் அல்சூரிலேயே கிடையாது. ஆயுத பூஜைக்கு என் ஆராய்ச்சி லேபைத் துடைத்தேன், சரி. ஃப்ரீஸர் ஸ்விட்சை அணைத்து உள்ளேயும் துடைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரமும் காட்டினேன். ஸ்விட்சைத் திரும்பப் போட மட்டும் மறந்துவிட்டேன். அப்புறம் நாலு நாள் லீவு.

உள்ளே இருந்தது, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் நான் கண்டெடுத்த பாக்டீரியா. யாரும் இதுவரை பேர் வைக்காத புது இனம் என்று நிரூபிக்க ஐந்து வருஷம் ஆனது. பேர் செல்லுபடியாக, இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களுக்கு அதை உயிரோடு அனுப்ப வேண்டும். லீவு முடிந்ததும் அனுப்பலாம் என்றிருந்தேன். வந்து திறந்தால் எல்லாம் உருகிக் கிடக்கிறது. காற்றில்லாமல் குழாயில் இரண்டு நாள்கூடத் தாங்காத ஜாதி அது. உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து, இரண்டு தடவை மெட்ரோ மாறி பொம்மசந்திரா போனேன். அதே தொட்டியில் மறுபடி பிடித்துவிடலாமே.

தொட்டி பளபளவென்று காலியாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை. சுவரில் மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு. பிளான்ட் ஆப்பரேட்டர் எத்திராஜ், பூஜைக்குத் தானே இறங்கித் தேய்த்ததாகப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! மூளை இருக்கிறதா, யாரைக் கேட்டுக் கழுவினீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஸ்விட்சை அணைத்த மகராசி பேசுகிற பேச்சா அது?

அவர் என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். இரண்டு நீல டிரம் நிறையப் பழுப்புச் சேறு, உள்ளே குழாய் விட்டுக் காற்று குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டியைக் கழுவலாம் மேடம். உறை மோரை யாராவது கொட்டுவாங்களா?" என்றார்.

புதுத் தண்ணீர் விட்டதும் தொட்டி வேலை செய்ய இந்தச் சேறுதான் வேண்டுமாம். லீவு நாலு நாளும் காற்று நிற்காமல் பார்த்துக்கொள்ள தினமும் வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, முதலில் காபி குடியுங்கள் என்றார்.

அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துவந்து லேபில் தட்டில் பூசி வளர்த்தேன். பன்னிரண்டாம் நாள் தட்டில் கடுகளவு மஞ்சள் புள்ளிகள் வந்தன. மரபணுவைப் பார்த்தேன், அதேதான். டைரக்டருக்குச் சொல்வதற்கு முன் எத்திராஜுக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன். பேர் என்ன, பேப்பர் எப்போது என்றுதான் ஐந்து வருஷமாக எல்லோரும் கேட்டார்கள். நல்லா இருக்கா என்று அதை விசாரித்தது அவர் ஒருத்தர்தான்.