குடும்பத்தை மறந்தவர்

கயிற்றை என் கையில் கொடுத்து, "இழுங்க அண்ணி" என்றார் ஊர் நலச் சங்கச் செயலாளர். இழுத்தேன். துணி விழுந்தது. சங்கக் கூடத்துச் சுவரில் பதித்த கல்லில் என் கணவர் பெயர். அதற்குக் கீழே தங்க எழுத்தில்: "குடும்பத்தை மறந்து, தனி ஒருவராய் ஊருக்கு உழைத்தவர்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவரைப் புகழ ஒரு பொய் போதாதா, ஒரே வரியில் இரண்டா? பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு அதே வேன்தான் ஆஸ்பத்திரி வண்டி. அக்கம்பக்கத்தில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யாருக்கு இடுப்பு வலி கண்டாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சாவியை எடுக்கும்போதே என்னையும் இரண்டு மகள்களையும் கூப்பிட்டுவிடுவார். "நான் ரோட்டப் பாப்பேனா, பின்னாடி படுத்திருக்கறவங்களப் பாப்பேனா?" என்பார். பின் சீட்டில் நோயாளியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டது நான். வாந்தி வாளியைப் பிடித்தது பெரியவள். நோயாளி கண்ணை மூடாதபடி பேச்சுக் கொடுப்பது சின்னவள் வேலை. வாயாடி என்பதால் கிடைத்த உத்தியோகம். "மாரடைப்பக்கூடத் தாங்கிட்டேன், இந்தப் பொண்ணோட கேள்வியத்தான் தாங்க முடியல" என்று சொல்லிக்கொண்டே பிழைத்து வந்தார் எதிர்வீட்டுப் பெரியவர்.

நாங்கள் சினிமாவுக்குப் போனதைவிட ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் அதிகம். நான் சலித்துக்கொண்டிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே வராந்தா பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்போம். பெரியவளுக்கு அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த பெஞ்சில்தான். தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுப்பார், அது வேறு விஷயம். கடைசியில் அவர் மட்டும் தூக்கத்திலேயே போய்விட்டார். எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

சின்னவள் கல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பா நம்மள மறந்துட்டாரா?"

அவள் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை விழுங்கியிருப்பேன். நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

"தம்பி, உங்க அம்மா குளியலறையில வழுக்கி விழுந்தாங்களே, அன்னிக்கு வேன்ல யார் யார் இருந்தோம்?"

செயலாளர் நெளிந்தார். "அண்ணன் ஓட்டினார். நீங்க அம்மா தலையப் பிடிச்சிருந்தீங்க. பாப்பாங்களும் இருந்தாங்க."

"அப்போ எங்கள மறந்துட்டு வந்தாரா, கூட்டிட்டு வந்தாரா?"

"ஐயோ அண்ணி, அது சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதறது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம். அப்பத்தான் ஒரு எடுப்பா இருக்கும்."

"எடுப்பா இருக்கறதுக்கு உயிரோட இருக்கற எங்களையும் சேத்துப் புதைக்கணுமா? பொண்டாட்டி பிள்ளைய மறக்கறது என்ன பெருமை? அப்படி ஒருத்தனுக்கு உங்க தங்கச்சியக் கட்டிக் குடுப்பீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள். மாலை போட்டு உட்காரவைத்திருந்த சிறப்பு விருந்தினர் எழுந்து, "பாவம், அம்மா துக்கத்துல பேசறாங்க" என்றார்.

"துக்கத்த வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன் சார். இது கோவம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி அண்ணி. அந்த வரிய எடுத்துடறோம். அண்ணன் பேரு மட்டும் இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன்.

"அத எடுத்துட்டுப் பேர மட்டும் விட்டா, அப்பாகூட நாமளும் போனது யாருக்கும்மா தெரியும்?" என்றாள் சின்னவள்.

செயலாளர் அவள் முன்னால் குனிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு, "எனக்குத் தெரியும் பாப்பா" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் அப்படி எழுதினீங்களா சித்தப்பா?"