சுதா கொடுத்த நிழல்

கேம்பல் பே என்ற தீவூரில் உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. போர்ட் பிளேரிலிருந்து சுதாவின் மனையை அளக்க வந்த சிவப்பிரகாசம், மூலைக்கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி ஜிபிஎஸ் கருவியை மாட்டிவிட்டு, அவள் குடியிருந்த டின் ஷெல்டருக்குச் சாப்பிடப் போயிருந்தார். கருவி மட்டும் வெயிலில் தனியாக நின்றது. சுதாவுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததை வெயிலில் நிற்க விடும் வளர்ப்பில்லை அவளுடையது. பழைய தகரம் ஒன்றை இழுத்து வந்து, கருவியை ஒட்டிச் சாய்த்து நிழல் கட்டினாள், புண்ணியவதி.

சுனாமி வந்து நாலு வருஷமாகிவிட்டது. தகரக் கூரைக்கடியில் வெந்தது போதும், சொந்த மண்ணில் ஒரு வீடு வேண்டும். அவள் வேறெதையும் கேட்கவில்லை. ஆனால் கடலோர எல்லைக் கோட்டுக்குள் மனை வந்துவிட்டால் செங்கல் வைக்க முடியாது. பழைய வரைபடத்தை நம்பவும் வழியில்லை. நிலநடுக்கத்தில் தீவே நகர்ந்து, தாழ்ந்தும் போயிருந்தது.

கை கழுவி ஷெல்டர் வாசலுக்கு வந்த சிவப்பிரகாசம் கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கோட்டுக்குள்ள ரெண்டு மீட்டர் வந்துருதும்மா."

"சோடோ, விடு சுதா. மேட்டுல கவர்மென்ட் குடுக்கிற வீட்டுக்கே போயிரலாம்" என்றான் அவள் கணவன் தேவேந்திரன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கருவியைக் கழற்றப் போனவர் தலையில் கை வைத்தார். "அரே, யாரு இந்தத் தகரத்தை வச்சது?"

"நான்தான் சார். வெயில்ல மெஷின் கெட்டுப்போயிருமேன்னு..."

கோபமாக ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேட்டிலைட் சிக்னல் நேரா வரணும்மா. தகரத்துல பட்டு வந்தா லேட்டாகும். லேட்டா வந்தா மெஷின் தூரம் ஜாஸ்தின்னு நினைச்சுக்கும். அப்புறம் இடம் தப்பாத்தான் காட்டும்."

"அப்ப இப்பவே திரும்ப அளங்க சார்."

"மதியத்துல மேல ஆகாசமும் சிக்னலை இழுத்துப் புடிக்கும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிற நம்ம பக்கம் அது ரொம்ப. காலையில பாப்போம்."

அன்று சாயங்காலக் கப்பலில் போர்ட் பிளேர் லம்பா லைனில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் அவர். கப்பல் போனால் போகட்டும் என்று தங்கிவிட்டார். அந்த மனுஷனை சுதாவுக்கு அப்போதே பிடித்துப்போனது.

விடிந்ததும் தகரம், கோழிக்கூடு, சைக்கிள் எல்லாவற்றையும் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். "நீங்களும் தள்ளி நில்லுங்க, சிக்னல் உங்க மேல பட்டுரும்" என்று தேவேந்திரனையும் துரத்தினாள். திரையில் எண்கள் கொஞ்ச நேரம் குதித்தன, பிறகு மெல்ல அடங்கின.

"கோட்டுக்கு வெளிய மூணு மீட்டர். முன்னபின்ன ஒரு மீட்டர் இருக்கலாம். ஆபீஸ்ல சரிபார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்க. ஆனா..." சிவப்பிரகாசம் முடிக்காமல் சிரித்தார்.

சுதா புல் மண்டிய மனைக்குள் நடந்து போய், நடுவில் நின்று திரும்பினாள்.

"உள்ள வாங்க சார், டீ குடிச்சிட்டுப் போகலாம். செருப்பை மட்டும் வாசல்ல விட்டுருங்க."

சிவப்பிரகாசம் ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி, ஈரப் புல்லில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.